பால்கோவாவும் கட்டுத்துணியும்

(2025ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்குச் சில சொந்த விருதுகள்)

ஆண்டொன்று முடிந்ததும் திரையுலகில் விருதுக் காலம் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஆஸ்கர் விருது 1929ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. நம் நடுவண் அரசு 1954 முதல் விருது வழங்கி வருகிறது. பத்திரிகைகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் தத்தம் பங்குக்கு மேடை போட்டு, விளக்கேற்றி, பொற்சிலைகளை வாரி வழங்குகின்றன. ஆனால், இவையனைத்துக்கும் முன்னரே தீர்ப்பெழுதிவிடும் நடுவர் குழு ஒன்று உண்டு. அது தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருக்கிறது. பஞ்சாலையில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்த பின் ஆலய முற்றத்து வேப்பமர நிழலில் கூடுகிறது. இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட சில கல் தொலைவுக்குள் ஒரு படத்தின் தலையெழுத்தையே எழுதிவிடக் கூடிய நடுவர் குழு அது!

அக்குழுவின் உறுப்பினருள் ஒருவன் என்பதைத் தவிர வேறு தகுதி ஏதுமின்றி, 2025ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திரைப்படங்கள் சிலவற்றுக்கு இங்கே விருது வழங்க முன்வருகிறேன். பொற்சிலை வார்க்க வசதியில்லை. ஆகவே பரிசுப் பொருள்கள் அனைத்தும் உள்ளூர்ச் சரக்குகளே. விளையாட்டுத்தான்; என்றாலும் விளையாட்டிலும் ஒரு நேர்மை வேண்டும். திருவில்லிபுத்தூர் மண்ணுக்கு ‘சூடிக் கொடுத்த’ மரபு ஒன்று உண்டு. தான் அணிந்து பார்த்த மாலையையே ஆண்டாள் அளித்தாள் என்பது அம்மரபு. சொந்த விருது என்பதும் அத்தகையதே. பிறர் புகழ்ந்தார்கள் என்பதற்காக அன்று. தன் நெஞ்சில் அணிந்து பார்த்து, அது வாடாமல் நின்றதா என்று கண்ட பிறகே அளிக்க வேண்டும்.

தடைப் பட்டியலிலிருந்து விருப்பப் பட்டியலுக்கு

“சாமியாருக்குச் சினிமாவில் என்ன வேலை?” என்று கேட்கும் பெரியவர்கள் நம் பங்குகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமற் போகவில்லை. திருச்சபை திரைப்படத்தை முதலில் ஐயத்துடன்தான் அணுகியது. 1936ஆம் ஆண்டு திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் திரைப்படம் குறித்தே தனியாக ஒரு சுற்றுமடல் எழுதினார். எந்தப் படத்தைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்று விசுவாசிகளுக்கு அறிவிக்கும் பட்டியல்களை அது ஊக்குவித்தது. 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வானொலியையும் தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொண்டு இன்னும் விரிவாக எழுதினார். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமோ 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட ஆணையேட்டில், இச்சாதனங்களைக் கடவுள் தந்த ஆற்றலால் மனிதன் கண்ட அரும்பொருள்களாகவே வரவேற்றது.

திரைப்படக் கலை நூறாண்டு கண்ட 1995இல் வத்திக்கான் வேறொரு பட்டியலை வெளியிட்டது. அது தடைப் பட்டியலன்று. போற்றத்தக்க 45 படங்களின் பட்டியல். சமயம், வாழ்வு மதிப்பீடுகள், கலை என்ற மூன்று தலைப்புகளில் தலைப்புக்குப் பதினைந்து. ‘சைக்கிள் திருடர்கள்’ அதில் உண்டு. ‘பாபெட்டின் விருந்து’ உண்டு. ஆங்கிலேயர் ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த ‘காந்தி’யும் உண்டு. இந்தியர் இயக்கிய படம் ஒன்றுகூட இல்லை என்பது நமக்குக் குறைதான். 2025 நவம்பரில் திரைக் கலைஞர்களை வத்திக்கானில் சந்தித்த திருத்தந்தை பதினான்காம் லியோ, தமக்குப் பிடித்த நான்கு படங்களைப் பெயர் சொல்லியே தெரிவித்தார்: ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’, ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’, ‘ஆர்டினரி பீப்பிள்’, ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’. முதற்படம் 1995ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இருப்பது. மகனை இழந்த வீட்டின் மௌனத்தைச் சொல்வது மூன்றாவது. வதை முகாமிலும் தன் குழந்தையின் சிரிப்பைக் காக்கப் போராடும் தகப்பனின் கதை நான்காவது. திருத்தந்தையே தம் விருப்பப் பட்டியலை வெளியிட்ட பிறகு பங்குத்தந்தை ஒருவன் வெளியிட்டால் குற்றமாகாது அல்லவா?

அளவுகோல் ஒன்று

விருதென்றால் அளவுகோல் வேண்டும். நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என்று பிரித்து அளப்பதற்கு வல்லுநர்கள் இருக்கிறார்கள். நான் கைக்கொண்ட அளவுகோல் ஒன்றே: இப்படம் மனித உடலை எவ்வாறு நடத்துகிறது?

இக்கேள்வி சிலருக்கு வியப்பாயிருக்கலாம். உடல் என்றதுமே ஆபாசத்தை நினைத்து முகம் சுளிப்பது நம் பழக்கமாகிவிட்டது. ஆனால் நம் விசுவாசம் உடலை வெறுக்கும் விசுவாசமன்று. இறைவாக்கு ஊனுடல் எடுத்தது என்பதே நம் நம்பிக்கையின் அச்சாணி. தண்ணீராலும் எண்ணெயாலும் அப்பத்தாலும் நம் உடலைத் தொட்டே திருவருட்சாதனங்கள் அருளைப் பொழிகின்றன. ஆன்மா பிழைத்துக்கொள்ளும் என்பதோடு நாம் நிறுத்திக்கொள்வதில்லை. உடல் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். திரைப்படமும் உடலின் கலையே. நாவலாசிரியன் மனத்துக்குள் புகுந்து பேச முடியும். ஒளிப்படக் கருவிக்கோ முகமும் கையும் நடையும்தாம் கிடைக்கின்றன. அவற்றின் வழியாகவே அது உள்ளத்தைக் காட்டியாக வேண்டும். ஆகவே ஒரு படத்தின் அறத்தை அதன் இறுதிக் காட்சி வசனத்தில் தேட வேண்டியதில்லை. அது உடலைக் காட்டும் முறையிலேயே அந்த அறம் வெளிப்பட்டுவிடும். இனி விருதுகள்.

சத்திரப்பட்டிக் கட்டுத்துணி

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குப் போய்ப் புண்களை ஆற்றுகிறது. ஒரு பொதி கட்டுத்துணியை, ஆண்டில் மிக அதிகமான உடல்களைக் காயப்படுத்திய படத்துக்கு அளிக்கிறேன். போட்டி கடுமையாக இருந்தது! இறுதியில் லோகேஷ் கனகராஜின் ‘கூலி’ வென்றது.

ரஜினிகாந்த் திரைக்கு வந்து 50 ஆண்டு நிறைவுற்ற வேளையில், 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளிவந்த படம் இது. எழுபது கடந்த ஒரு கலைஞர் இன்னும் அரங்கைத் தன் நடையாலேயே கட்டிப்போடுகிறார் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால், இப்படத்தின் மையத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. இறந்தவரின் உடலைச் சில நொடிகளில் சாம்பலாக்கும் தகன நாற்காலி. சத்யராஜ் ஏற்ற பாத்திரம் அதைக் கண்டுபிடிக்கிறது. கடத்தல் கூட்டமோ தான் கொன்றவர்களைச் சுவடின்றி அழிக்க அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. எவ்வளவு ஆழமான கரு! இறந்தோருக்குச் செய்யும் இறுதி மரியாதைக்கான பொருள், இறந்தவர் வாழ்ந்ததையே மறைக்கும் பொருளாக மாறும் அவலம். காயீனிடம் அவன் சகோதரனைக் குறித்து இறைவன் எழுப்பிய கேள்வியே இங்கும் எழுந்திருக்க வேண்டும். அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டவர்களுள் ஒருவருக்கேனும் தாய் ஒருத்தி இருந்தாள், அவள் வாசலில் காத்திருக்கிறாள் என்று படம் ஒரு நிமிடம் நின்று காட்டியிருந்தால் போதும். அது வேறொரு படமாகியிருக்கும். படமோ அந்தக் கேள்வியை எழுப்பாமலேயே அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறது. கொல்லப்பட்டவர்கள் எண்ணிக்கையாகிறார்கள், நாயகனின் வருகைக்குத் தோரணமாகிறார்கள்.

இரத்தத்தைக் காட்டியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. திருப்பாடுகளின் வரலாற்றிலும் இரத்தம் உண்டு. அங்கே சிந்திய ஒவ்வொரு துளிக்கும் ஒரு முகம் உண்டு. முகமற்ற உடல்களைக் குவித்துப் பழக்கும் படம், திரைக்கு வெளியேயும் முகமற்ற மனிதர்களைக் கண்டு பதறாதிருக்க நம்மைப் பழக்குகிறது. எனக்குள்ள அச்சம் இதுவே.

இராசபாளையம் நாய்

வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராசபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு தபால்தலை வெளியிட்டுப் பெருமை சேர்த்தது. காவலுக்குப் பேர் போன இந்த நாயைக் காவலர் ஒருவருக்கே பரிசளிக்கிறேன். திரையரங்கின் வாயிலில் நின்று, வயது வந்தோர்க்கு மட்டுமான படத்துக்குக் குழந்தையை இடுப்பில் தூக்கிவந்த தந்தையை, “ஐயா, பிள்ளையை உள்ளே விட முடியாது” என்று பணிவோடு திருப்பி அனுப்பிய நுழைவுச்சீட்டுப் பரிசோதகர் எவரேனும் இருந்தால், அவருக்கு.

‘கூலி’க்கு ‘ஏ’ சான்றிதழ் வழங்கப்பட்டது. அதை மாற்றக் கோரித் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2023ஆம் ஆண்டின் ஒளிப்படச் சட்டத் திருத்தத்தின் பயனாக ‘யு/ஏ’ சான்றிதழும் இப்போது ஏழு, பதின்மூன்று, பதினாறு என்ற மூன்று வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெற்றோருக்கு வழிகாட்டத்தான் இந்த ஏற்பாடு. ஆனால், அந்த எண்ணை எத்தனை பெற்றோர் பார்க்கிறோம்? அரங்கில் தடுத்தாலும், சில வாரங்களில் அதே படம் கைபேசிக்குள் நுழைந்து, உணவுத் தட்டின் அருகே சாய்த்து வைக்கப்படுகிறது. அங்கே வாயிற்காவலர் இல்லை. அங்கே காவலிருக்க வேண்டியவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பால்கோவா

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் விறகடுப்பும் பொறுமையும். அவ்வளவே அதன் இரகசியம். கிளறும் கை ஓயக் கூடாது. இப்பொறுமையின் பரிசு, 2025 ஜூலை 4 அன்று வெளிவந்த ஸ்ரீகணேஷின் ‘3 பி.எச்.கே.’ படத்துக்கு. அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய சிறுகதையிலிருந்து விரிந்த படம் இது. நடுத்தரக் குடும்பம் ஒன்று சொந்த வீடு வாங்கச் சற்றொப்ப இருபது ஆண்டுகள் போராடுகிறது. சேர்த்த பணத்தை ஒரு முறை கல்வி விழுங்குகிறது. ஒரு முறை மருத்துவம். ஒரு முறை மகளின் திருமணம். 1997இல் ‘சூர்யவம்சம்’ படத்தில் இணையாய் வந்த சரத்குமாரும் தேவயானியும் இங்கே நரை கூடிய தாய் தந்தையராக வரும்போது, நமக்கும் அதே அளவு வயதாகிவிட்டதை உணர்கிறோம். சரத்குமாரின் தோள்கள் காட்சிக்குக் காட்சி சற்றே சரிவதைக் கவனியுங்கள். வாடகை வீடுகளில் பணிந்து பணிந்தே கூனிய தோள்கள் அவை.

குறை உண்டா? உண்டு, சர்க்கரை சற்று மிகுதி. அதைவிடப் பெரிய குறை வேறு. வீடு வாங்குவதே மீட்பு என்று படம் நம்பிவிடுகிறது. மகனின் வாழ்வு முழுவதையும் அடமானம் வைத்து அடையும் அந்த வீடு உண்மையில் யாருக்கு என்ற கேள்வியை அது மெல்லத் தொட்டுவிட்டு விலகிவிடுகிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போகையில் சாதியும் மதமும் விசாரிக்கப்படும் நாட்டில், சொந்த வீட்டுக் கனவு பேராசையன்று. மானத்தோடு வாழும் விருப்பம். அந்தப் பக்கத்தையும் தொட்டிருந்தால் படத்தின் துயரம் இன்னும் கனத்திருக்கும்.

சாம்பல் நிற அணில்

செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் வாழும் சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் அக்காடு திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தோடு இணைந்தது. தரையில் இறங்க விரும்பாமல் கிளைக்குக் கிளை தாவும் அவ்வணிலின் பெயரால் அமைந்த விருது, ராம் இயக்கிய ‘பறந்து போ’ படத்துச் சிறுவன் அன்புவுக்கு. அப்பாத்திரத்தில் நடித்தவர் மிதுல் ரையான்.

விந்தை என்னவெனில், இப்படமும் ‘3 பி.எச்.கே.’ வெளிவந்த அதே நாளில் வெளிவந்தது. அங்கே ஒரு குடும்பம் அடுக்ககம் ஒன்றுக்காக ஏங்குகிறது; இங்கே ஒரு குழந்தை அடுக்ககத்திலிருந்து தப்பி ஓடுகிறது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக, பூட்டிய வீட்டுக்குள் தனித்திருக்கும் சிறுவன் ஒருநாள் தந்தையின் இருசக்கர வண்டியில் ஏறுகிறான். கடன் தவணை கேட்டுத் துரத்துவோரிடமிருந்து தந்தை ஓடுகிறார். பூட்டிய கதவிலிருந்து மகன் ஓடுகிறான். வழியில் தென்படும் மேடுகளிலெல்லாம் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் அச்சிறுவனைப் பார்க்கையில், குழந்தையின் உடல் ஓடுவதற்கும் ஏறுவதற்கும் விழுந்து எழுவதற்கும் படைக்கப்பட்டது என்னும் எளிய உண்மை உறைக்கிறது. அவ்வுண்மையை நாம் தனிப்பயிற்சி வகுப்புகளில் அல்லவா புதைத்துவிட்டோம்!

இப்படத்துத் தாயின் பெயர் குளோரி. கிரேஸ் ஆண்டனி நடித்திருக்கிறார். சமயம் கடந்து மணம் புரிந்த கிறிஸ்தவப் பெண். தமிழ்த் திரையில் கிறிஸ்தவப் பெண் என்றால் பெரும்பாலும் குட்டைப் பாவாடை. கிறிஸ்தவ ஆண் என்றால் மதுக்கோப்பை. குரு என்றால் கொலைகாரனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுத் திகைப்பவர். இந்த மூன்று பொம்மைகளையும் நெடுங்காலமாய்ச் சகித்து வந்திருக்கிறோம். குளோரியோ சேலைக் கடை போட்டுக் கால் கடுக்க நின்று உழைக்கும் சாதாரணத் தாய். கோபிக்கிறாள், அணைக்கிறாள், களைக்கிறாள். நம் பங்கில் ஞாயிறு தோறும் காணும் முகம். இதற்காகவே ராமுக்கு நன்றி கூறலாம்.

தறிச் சேலை

நம் வட்டாரத்துத் தறியில் நெய்த பருத்திச் சேலை ஒன்று, விபின் ராதாகிருஷ்ணன் இயக்கி 2025 டிசம்பரில் திரையரங்குகளுக்கு வந்த ‘அங்கம்மாள்’ படத்தின் கீதா கைலாசத்துக்கு. அவருக்கு அளிப்பது இரவிக்கைத் துண்டு இல்லாத சேலை! காரணம் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெருமாள்முருகனின் ‘கொடித்துணி’ என்ற சிறுகதையே இப்படத்துக்கு மூலம். வாழ்நாள் முழுவதும் இரவிக்கை அணியாது வாழ்ந்த சிற்றூர்த் தாய் அங்கம்மாள். மருத்துவம் படித்த மகன், பெண் வீட்டார் வரும்போது அவள் இரவிக்கை அணிந்திருக்க வேண்டுமென விரும்புகிறான். கதை இவ்வளவே. ஆனால் இதற்குள் எவ்வளவு இருக்கிறது!

தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்கள், அவர்களுள் முதன்மையாகக் கிறிஸ்தவம் தழுவியவர்கள், மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடி, அடிபட்டு, 1859ஆம் ஆண்டு அரச ஆணையைப் பெற்ற வரலாற்றை நாம் அறிவோம். அன்று அணிவதற்கான போராட்டம். இங்கே அணியாமல் இருப்பதற்கான பிடிவாதம். இரண்டும் முரண் போலத் தோன்றினும் வேர் ஒன்றே. தன் உடலைக் குறித்து முடிவு செய்யும் உரிமை தனக்கே உண்டு என்று ஒரு பெண் சொல்கிறாள். அன்று அதிகாரம் சாதியின் வடிவில் வந்தது. அங்கம்மாளிடம் அது அன்பு மகனின் வெட்க உணர்வாக வருகிறது. கல்வி மகனுக்கு மருத்துவத்தைக் கற்பித்தது. தாயைக் கண்டு கூசவும் அதுவே கற்பித்துவிட்டதா? பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கிய நம் சிற்றூர்த் தாய்மார் பலர் விழா நாள்களில் அடுக்களைக்குள் ஒதுங்கிக்கொள்வதைக் கண்டிருக்கும் எவரும் இப்படத்தை எளிதில் மறக்க இயலாது. கீதா கைலாசம் பேசும்போதைவிட, பேசாமல் மகனைப் பார்க்கும்போது அதிகம் சொல்கிறார்.

ஒரு பிடி கரிசல்

இராசபாளையத்துக்குக் கிழக்கே விரியும் கரிசற் காட்டிலிருந்து அள்ளிய ஒரு பிடி மண், மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ படத்துத் தந்தை பசுபதிக்கு. 2025 அக்டோபர் 17 அன்று வெளிவந்த இப்படம், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசனின் வாழ்வால் உந்தப்பட்டது. 1994ஆம் ஆண்டு இரோசிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அர்ச்சுனா விருதும் பெற்றவர் அவர்.

கபடியைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எதிராளிகளோ பாடி வந்தவனைக் கட்டிப் பிடிக்க வேண்டும். தொடாமல் ஆட முடியாத ஆட்டம் அது. தீண்டாமை நோய் பீடித்த ஊர்களில் இப்படியொரு ஆட்டம் வேரூன்றியிருப்பதே ஒரு முரண். களத்தில் கட்டிப் புரளலாம். களத்துக்கு வெளியே தோளில் கைபோடக் கூடாது! மாரி செல்வராஜ் இந்த முரணைக் கையில் எடுத்திருக்கிறார். துருவ் விக்ரம் ஏற்ற கிட்டான் ஓடும்போது ஒரு வீரன் மட்டும் ஓடவில்லை. அஞ்சி ஒடுங்கும்படி பழக்கப்பட்ட ஓர் இனத்தின் உடலே நிமிர்ந்து ஓடுகிறது.

எனினும் என் பரிசு தந்தைக்கே. மகன் களம் இறங்கினால் ஊர்ப் பகை அவனைத் தின்றுவிடும் என்றஞ்சித் தடுக்கும் வேலுசாமியின் கோபம் கோபமன்று. பரிவின் வேறு பெயர். 2006ஆம் ஆண்டு, விருதுநகர் மண்ணின் மைந்தர் வசந்தபாலன் இயக்கித் தேசிய விருது பெற்ற ‘வெயில்’ படத்தை நினைவுகூர்வோம். பள்ளிக்குப் போகாமல் சினிமா பார்த்ததற்காகத் தந்தையால் கொடுந்தண்டனைக்குள்ளாகி, வீட்டைவிட்டு ஓடி, திரையரங்கின் படம் ஓட்டும் அறையில் வளர்ந்த மகனாக அதில் வந்தவர் இதே பசுபதி. அன்று தந்தையின் கையால் காயமுற்ற மகன். இன்று மகனுக்குக் காயம் படுமோ என நடுங்கும் தந்தை. இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போருக்கு, இருபதாண்டு இடைவெளியில் ஒரு நடிகரின் முகத்தில் தமிழ்த் தகப்பனின் வரலாறே விரியும். படத்தில் பெண் பாத்திரங்கள் மெலிந்து போனதும், கும்பல் வன்முறை சற்று நீண்டதும் குறைகளே. ஆனால் இங்கே விழும் ஒவ்வோர் உடலுக்கும் பெயர் உண்டு. அழுவதற்கு ஆள் உண்டு. ‘கூலி’யிலிருந்து இப்படம் வேறுபடுவது இங்கேதான்.

தேர்வடம்

தலையாய பரிசுக்கு வருகிறேன். ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூரில் ஓடும் பெருந்தேரைத் தனியொருவர் இழுக்க முடியாது. ஆயிரம் கைகள் ஒரே வடத்தைப் பற்ற வேண்டும். அந்த வடத்தின் பெயரால் அமைந்த விருதை, 2025 மே 1 அன்று வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ படத்தில் வரும் தெருவுக்கு, ஆம், ஒரு தெரு முழுவதற்கும், அளிக்கிறேன். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற்படம் இது.

இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் பிழைக்க வழியின்றி, கணவன், மனைவி, இரு பிள்ளைகள் கள்ளத்தனமாய்க் கடல் கடந்து வருகிறார்கள். சென்னையின் குடியிருப்பு ஒன்றில், பேச்சு வழக்கை மறைத்துக்கொண்டு வாழத் தலைப்படுகிறார்கள். அடுத்த வீட்டார் பெயர் தெரியாத தெரு அது. சசிகுமாரும் சிம்ரனும் ஏற்ற அத்தம்பதியர் பழகத் தெரிந்தவர்கள். அவ்வளவே அவர்கள் செய்யும் அற்புதம். அத்தெருவில் ஒரு மூதாட்டி இறக்கிறார். முதிய கணவர் தனித்து நிற்கிறார். வந்தேறிகளான இவர்கள் கதவு கதவாகத் தட்டி, தெருவையே அந்தச் சாவு வீட்டில் கூட்டுகிறார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஓர் உயிரற்ற உடலைச் சுற்றி அமர்ந்தபோது உறவினராகிவிடுகிறார்கள். இக்குடும்பத்தைக் காவல் துறை தேடி வரும் இறுதிக் கட்டத்தில், அத்தெருவே அவர்களுடைய ஈழத் தமிழைத் தன் நாவில் ஏற்றிக்கொண்டு அவர்களை மறைத்துக் காக்கிறது.

இப்போது அந்த நாற்காலியை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆண்டில் வந்த இரு தமிழ்ப் படங்கள். ஒன்றில் எத்தனையோ உடல்கள் ஒருவர் கண்ணீரும் இன்றிச் சாம்பலாகின்றன. மற்றொன்றில் ஒரே ஓர் உடல் ஒரு தெருவை மனிதர்களாக்குகிறது. உயிரைப் பணயம் வைத்து இறந்தோரை அடக்கம் செய்த தோபித்தையும், சிலுவையிலிருந்து இறக்கிய உடலைக் கேட்டுப் பெற்ற அரிமத்தியா யோசேப்பையும் திருமறை நமக்கு முன்வைக்கிறது. இறந்தோரை அடக்கம் செய்தலை உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுகிறது. கல்லறைத் தோட்டத்துக்கு நாலே பேருடன் சென்ற அடக்கங்களையும் ஊரே திரண்ட அடக்கங்களையும் நடத்திவைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு சமூகம் உயிரோடிருக்கிறதா என்பதைச் சாவு வீட்டில்தான் அறிய முடியும்.

இப்படத்திலும் குறை காணலாம். அதில் வரும் மனிதர்கள் ஏறத்தாழ எல்லாரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். சட்டத்தின் இறுக்கம் நகைச்சுவையில் கரைந்துவிடுகிறது. உண்மை வாழ்வு அவ்வளவு எளிதன்று. ஆயினும், நல்லவர்களாவது எப்படி என்று மறந்துபோன காலத்தில், அதை ஒத்திகை பார்த்துக் காட்டுவதும் கலையின் பணியே.

வழங்கப்படாத விருது

பரிசுகள் தீர்ந்தன, ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது பார்வையாளருக்குரியது. அதை இன்னும் யாருக்கும் வழங்கவில்லை.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைப் பார்த்து அரங்கங்கள் அழுதன. நாமும் அழுதோம். 1983 இனக்கலவரத்துக்குப் பின் அலை அலையாய் வந்த இலங்கைத் தமிழர்கள் தமிழகத்தின் முகாம்களில் வாழ்ந்து வருகிறார்கள். நம் விருதுநகர் மாவட்டத்திலும் அத்தகைய முகாம்கள் உண்டு. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரைத் தமிழக அரசு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது, ஆனால் அங்கே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே மணம் முடித்தவர்களுள் பலருக்கு எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளைக் குறிப்பிட்டது. இலங்கை அவற்றுள் ஒன்றன்று. அம்முகாம்களில் நம்மோடு அதே விசுவாச அறிக்கையைச் சொல்லும் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள். திரையில் கண்ட குடும்பத்துக்காகக் கண்ணீர் வடித்த நாம், பேருந்தில் சிறிது நேரம் பயணம் செய்தால் காணக் கூடிய குடும்பங்களைத் தேடிப் போனதுண்டா? அவர்கள் வீட்டுச் சாவுக்கு நம் பங்கிலிருந்து எத்தனை பேர் போனோம்?

நல்ல திரைப்படம் கண்ணீரோடு முடிவதில்லை. அது நம் கால்களை நகர்த்த வேண்டும். எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் பார்த்தார், லேவியரும் பார்த்தார். பார்வையில் அவர்களுக்குக் குறையேதும் இல்லை. சமாரியர் மட்டுமே அருகில் சென்றார். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்து, துணியால் கட்டினார். நம் சத்திரப்பட்டிக் கட்டுத்துணிக்கு உரிய இடம் அதுவே. அந்தத் துணியை எடுத்துக்கொண்டு அருகில் செல்லும் பார்வையாளர் எவரோ, எஞ்சிய விருது அவருக்காகக் காத்திருக்கிறது.